இருபத்தொரு நாள் அவகாசம்

யாய்ஸு,
2004 செப்டம்பர் 12

அன்புள்ள ஷிஹோவுக்கு அக்கா எழுதுவது,

இங்கே வெயில் தணிந்துவிட்டது. காலையில் துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் காற்றில் லேசாகக் குளிர் தெரிகிறது. அம்மாவும் நானும் நலம். அப்பாவின் படகு குவாம் பக்கம் சூரை மீன் பிடித்துக்கொண்டிருக்கிறது, புத்தாண்டுக்குத்தான் கரைக்கு வருவார். உன் தோளும் வயிறும் எப்படி இருக்கின்றன?

நீ ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிய மறுநாளே அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஊறவைத்த பிளம், கடற்பாசி, அவள் வேலை செய்யும் கொட்டகையிலிருந்து மாசித் துருவல், நான்கு ஜோடி காலுறை. கிழங்கு மாவுக் கஞ்சிப் பொடி முப்பது பொட்டலம். பொடியை இந்த முறை நானே கலந்து, நானே மடித்து ஒட்டினேன். வெந்நீர் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மாவு கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறு. உடம்பு சிலிர்க்கிற அன்றைக்கு மூன்று வேளையும் குடி. போன வருடம் மாதிரி ஒரு வேளையோடு நிறுத்தாதே.

தடை செய்யப்பட்ட மருந்துகளின் புதிய பட்டியலை ஜப்பானிய மொழியில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினொரு பக்கம். எந்த மாத்திரையானாலும் என்னைக் கேட்காமல் வாயில் போடாதே. அம்மா அந்தத் தாள்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மசுமி படிச்சுப் பாத்துட்டாளா? அப்ப சரி" என்றாள். மின்சார ரசீதுக்கும் அப்பாவின் காப்பீட்டுத் தாளுக்கும் அவள் சொல்வது இதே வார்த்தைதான்.

தரவரிசையில் 251 என்று பார்த்தேன். 235-க்குள் வந்துவிட்டால் ஜனவரியில் மெல்போர்ன் தகுதிச்சுற்றில் ஆடலாம் என்று உன் பயிற்சியாளர் தோபாஷி சார் சொன்னாராமே. நகராட்சி அலுவலக ஜன்னலில் முந்தாநாள் ஒரு பெரியவர், "டென்னிஸ் ஆடற பொண்ணோட அக்கா நீங்கதானா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவருடைய வசிப்பிடச் சான்றிதழில் முத்திரை குத்தினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மசுமி


பெண்டிகோ,
2004 அக்டோபர் 8

அன்புள்ள அக்கா,

இங்கே வசந்தம் என்று பெயர். பகலில் ஈ மொய்க்கிறது, சாயங்காலம் பல் கிட்டுகிறது. நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இப்போது நலம். போன வாரம் நலமில்லை.

திங்கட்கிழமை தொண்டை கட்டியது, செவ்வாய் காய்ச்சல். போட்டி மருத்துவர் மாத்திரை நீட்டினார். வேண்டாம் என்றேன். என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஹிசாயோ அக்காவை உனக்குத் தெரியுமே, இரட்டையரில் என் ஜோடி. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்டி, ஒரு மாத்திரை போட்டா செத்தா போயிடுவ?"

"எங்கக்கா பட்டியல்ல பாத்துச் சொல்லணும்."

"உங்கக்கா என்ன டாக்டரா?"

"அதுக்கும் மேல. எங்க குடும்பத்துலயே மொத பட்டதாரி."

"அப்ப அவங்களையே வந்து நாளைக்கு ஆடச் சொல்லு" என்றார். ஆனால் கெட்டிலில் தண்ணீர் வைத்து உன் பொடியைக் கலக்கிக் கொடுத்தது அவர்தான். மூன்று வேளை, நான்கு நாள், நீ சொன்னபடியே. இந்த முறை பட்டை போட்டாயா? அந்த வாசனை வந்தது. நன்றாக வியர்த்தது. புதன் ஜெயித்தேன், வியாழன் ஜெயித்தேன், வெள்ளியும். சனிக்கிழமை அரையிறுதியில் மூன்றாவது செட்டில்தான் தோற்றேன்.

அது முடிந்து வெளியே வந்தால், அட்டையும் பேனாவுமாக ஒரு பெண். சிறுநீர்ப் பரிசோதனை. உடம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று மணி நேரம் அந்தப் பெண் என்னைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹிசாயோ அக்கா கதவுக்கு வெளியே நின்று, "குழாயத் தொறந்து விடட்டுமா? சத்தம் கேட்டா வரும்" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

இப்போது 238. அம்மாவிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை போனில் அவளுக்கு எண்ணைச் சொன்னால், "சின்ன நம்பரா பெரிய நம்பரா, எது நல்லது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள்.

ஷிஹோ


யாய்ஸு,
2004 அக்டோபர் 25

அன்புள்ள ஷிஹோவுக்கு,

சனிக்கிழமை நீகாத்தா பக்கம் பெரிய நிலநடுக்கம். இங்கே விளக்கு மட்டும் ஆடியது, பயப்படாதே. அம்மாவுக்கு முதுகு கொஞ்சம் பிடித்திருக்கிறது. கொட்டகையில் மீனுக்குப் புகை போடும் பருவம் இது.

அரையிறுதிச் செய்தியை அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள். சோதனைக்காரப் பெண் வரும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் கொட்டகையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம்.

ஆமாம், இஞ்சியோடு கொஞ்சம் பட்டை சேர்த்தேன். உனக்குப் பிடித்ததில் சந்தோஷம்.

ஹிசாயோ அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். உனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்ததற்கு நான் நன்றி சொன்னதாகவும் சொல்.

குளிரில் தலையை ஈரமாக வைத்துக்கொண்டு திரியாதே.

மசுமி


மில்டுரா,
2004 நவம்பர் 16

அன்புள்ள அக்கா,

இங்கே தார் உருகுகிறது. அம்மாவின் முதுகு தேவலையா? எனக்கு உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், மற்றபடி நலம்.

இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திருந்தால் எழுந்து நில். நேற்று வந்த தரவரிசையில் நான் 231.

தோபாஷி சார் கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வியர்வை என்றார். மெல்போர்ன் தகுதிச்சுற்றுக்கான படிவம் வீட்டு முகவரிக்கு வரும். வழக்கம்போல நீயே பிரித்து, நிரப்பி, கையெழுத்துக்குப் பதில் என் முத்திரையைப் போட்டு அனுப்பிவிடு. ஆங்கிலத்தில் வருவது எதையும் நான் தொடப்போவதில்லை.

ஹிசாயோ அக்கா 310-லேயே நிற்கிறார். அவர் ஒசாகாவில் ஒரு வண்ணப்பூச்சுக் கம்பெனியின் ஊழியர், கம்பெனி அணிக்காக ஆடுகிறவர். வயது இருபத்தேழு. மார்ச்சுக்கு மேல் வைத்துக்கொள்வார்களா தெரியாது என்கிறார். நேற்று என் பையை அவரே தூக்கி வந்தார். "இருநூத்தி முப்பத்தொண்ணு பை தூக்கலாமா? முந்நூத்திப்பத்து எதுக்கு இருக்கு?" என்று நடுத்தெருவில் குனிந்து வணங்கிக் காட்டினார். சிரித்தோம். பிறகு அறைக்கு வந்ததும் அவர் வெகுநேரம் குளித்தார்.

இருபதாம் தேதி சிபாவில் பயிற்சி விடுதிக்குத் திரும்புகிறேன். இனி அங்கே எழுது.

ஷிஹோ


யாய்ஸு,
2004 டிசம்பர் 9

அன்புள்ள ஷிஹோவுக்கு,

குளிர் வந்துவிட்டது. அம்மா நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

டென்னிஸ் சங்கத்திலிருந்து உன் பெயருக்கு வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு கீழே. தனியாக இருக்கும்போது படி.

அக்டோபர் 2 அன்று பெண்டிகோவில் உன்னிடம் எடுத்த சிறுநீரில் எஃபெட்ரின் என்ற பொருள் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்திருக்கிறது. இது ஒரு செடியிலிருந்து வருவது. பல சளி மருந்துகளில் இருக்குமாம். இது உன் உடம்புக்குள் எப்படிப் போனது என்பதைக் கடிதத் தேதியிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் நீ சான்றோடு விளக்க வேண்டும். தெரியாமல் உட்கொண்டதாக நிரூபித்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள், மெல்போர்னில் ஆடலாம். நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டு வருடத் தடை. பெண்டிகோவுக்குப் பிறகு வாங்கிய புள்ளிகள் எல்லாம் போய்விடும்.

கடிதத் தேதி நவம்பர் 26. கடைசி நாள் டிசம்பர் 17. கடிதம் இங்கே முதல் தேதியே வந்துவிட்டது. சட்டச் சொற்களைச் சரிபார்க்கத் தாமதமாகிவிட்டது. மன்னித்துவிடு.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

மசுமி


சிபா,
2004 டிசம்பர் 11

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. விடுதித் தொலைபேசி நடைக்கூடத்தில் இருக்கிறது, எல்லார் காதிலும் விழும். அதனால் எழுதுகிறேன். நேற்றிலிருந்து எதுவும் உள்ளே இறங்கவில்லை.

தோபாஷி சாரும் நானும் உட்கார்ந்து அந்த வாரம் முழுக்க நான் வாயில் வைத்ததையெல்லாம் எழுதினோம். ரொட்டி, வாழைப்பழம், சங்கத்தின் தண்ணீர் பாட்டில், தொண்டைக்குத் தேன் மிட்டாய். அதன் உறையைக் கூடத் தேடி எடுத்துவிட்டோம், அதில் ஒன்றுமில்லை. நீ அனுப்பியதை நான் சேர்க்கவே இல்லை. சார், "கஞ்சிப் பொடி?" என்று கேட்டார். "அது எங்கக்கா கலந்தது சார்" என்றேன். "இருக்கட்டும், எல்லாத்தையும் சோதிச்சிரலாம். மிச்சம் இருந்தா வாங்கு" என்றார். என்னிடம் ஒரு பொட்டலமும் இல்லை. வீட்டில் டப்பாவில் கொஞ்சம் இருந்தால் அனுப்பு. அவர் திருப்திக்காகத்தான்.

இன்னொன்று. எழுதவே கை வரவில்லை. அந்த வாரம் ஹிசாயோ அக்காவுக்கும் மூக்கடைப்பு இருந்தது. மருந்துக்கடையிலிருந்து ஏதோ வாங்கி வந்தார். இரட்டையர் ஆட்டத்தில் நாங்கள் ஒரே பாட்டிலில்தான் குடித்தோம். சார் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ என்ன போட்டான்னு பாத்தியா?"

"உப்புன்னு சொன்னாங்க. மூக்குல விடறதுக்கு."

"நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை, அக்கா. அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. ஆனால் வேறு என்ன இருக்கிறது? நேற்றிலிருந்து யோசிக்கிறேன், அந்த ஒரு பாட்டிலைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சார் சொல்லச் சொல்ல எழுதிய வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார். உனக்கும் சரி என்று பட்டால் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பதினேழாம் தேதிக்குள் போய்ச் சேரும்படி தொலைநகலில் அனுப்பிவிடு. தப்பு என்று பட்டால் அனுப்பாதே. நீ சொன்னால் அந்தப் பெயரை எடுத்துவிடுகிறேன்.

ஷிஹோ


யாய்ஸு,
2004 டிசம்பர் 14

அன்புள்ள ஷிஹோவுக்கு,

அம்மா நலம். சாப்பிடாமல் இருக்காதே.

வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கி இன்று மதியம் அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததற்கான தாள் வந்துவிட்டது.

டப்பா காலி. அம்மா கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

மசுமி


சிபா,
2005 ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

புத்தாண்டுக்கு வர முடியவில்லை. அப்பா கரைக்கு வந்து திரும்பப் போயிருப்பார். அம்மாவின் முதுகு எப்படி இருக்கிறது? நான் நலம் என்று சொல்லிவிடு.

தீர்ப்பின் நகல் உனக்கும் வந்திருக்கும். சார் ஒருவரை வைத்துப் படித்துக் காட்டினார். பாட்டிலில் இருந்திருக்கலாம் என்பது ஊகம், சான்று இல்லை. இரண்டு வருடம். என் பெயர் இப்போது தரவரிசைத் தாளில் எங்கும் இல்லை. 231 என்று ஒரு வாரம் இருந்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால் பரவாயில்லை.

விடுதிக்கூடத்துத் தொலைக்காட்சியில் மெல்போர்ன் ஓடுகிறது. தகுதிச்சுற்றில் 233-ஆம் இடத்துக்காரி ஒருத்தி இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். அவளை நான் இரண்டு முறை தோற்கடித்திருக்கிறேன். நான் உள்ளே போனால் பெண்கள் சத்தத்தைக் குறைக்கிறார்கள். "ஏன் கொறைக்கறீங்க, கூட்டி வைங்க" என்றேன். யாரும் கூட்டவில்லை.

ஹிசாயோ அக்காவையும் விசாரித்தார்கள். அவர் வாங்கியது உப்புதான், ரசீதும் வைத்திருந்தார். அவருக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தில் பெயர் அடிபட்டவரை அணியில் வைத்துக்கொள்ள முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. மார்ச் வரைக்கும் கூடக் காத்திருக்கவில்லை. இங்கே வைத்திருந்த சாமானை எடுக்க விடுதிக்கு வந்திருந்தார். நான் மாடிப்படியில் நின்றேன். அவர், "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றார். ஏண்டி என்று கூப்பிடுகிறவர், தள்ளிக்கோங்க என்றார்.

ரசீது இருந்தது, அக்கா. அப்படியென்றால் அந்தப் பாட்டில் இல்லை. பின் எது?

அம்மாவிடம் தோள் வலி, மருத்துவர் ஆடக்கூடாது என்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

ஷிஹோ


தொத்தோரி,
2005 பிப்ரவரி 20

மதிப்புக்குரிய மசுமி அவர்களுக்கு,

நாள்காட்டியில் வசந்தம் பிறந்த பிறகும் எங்கள் ஊரில் பனி நிற்கவில்லை. நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேரில் பார்த்திராத ஒருத்தி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பெற்றோரின் பேரிக்காய்த் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். பையைப் பிரித்தபோது உங்கள் தங்கையின் கம்பளி மேலாடை அதில் இருந்தது. விடுதிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உங்கள் முகவரிக்கு அனுப்புகிறேன். துவைத்திருக்கிறேன்.

பெயர் சொல்லப்பட்டவள் என்பதால் வாக்குமூலத்தின் நகலை எனக்கும் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று அடியில் இருந்தது. பள்ளிக்கூட ஆங்கிலம் மட்டுமே தெரிந்த எனக்கே ஒவ்வொரு வரியும் புரிந்தது. அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தீர்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெண்டிகோவில் உங்கள் தங்கைக்குக் காய்ச்சல் கண்டபோது நீங்கள் அனுப்பிய கஞ்சியை நான்தான் கலக்கிக் கொடுத்தேன். சூடு பார்க்க ஒரு வாய் குடித்தேன். எங்கள் வீட்டில் பனிக்காலத்தில் குழந்தைகளுக்கு முதல் தும்மலுக்கே ஒரு வேர்ப்பொடி கொடுப்பார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கும். அந்தச் சுவை நாக்குக்கு மறக்காது. விசாரணையில் இதைச் சொல்லவில்லை. பொட்டலம் இல்லை, கையில் சான்று இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவர் வீட்டைச் சொல்கிறாள் என்று ஆகும். ஷிஹோவிடமும் சொல்லவில்லை. அவள் உங்களைப் பற்றிப் பேசும் விதம் எனக்குத் தெரியும்.

என் நாக்கு தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

குளிர் இன்னும் சில வாரம் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹிசாயோ


யாய்ஸு,
2005 மார்ச் 3

ஷிஹோ,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். விசாரித்தால் அதோடு நிறுத்திவிடுவேன்.

உன் உடம்புக்குள் போனது நான் கலந்த பொடி.

செப்டம்பரில் பெட்டி கட்டும்போது அம்மா, "அந்த வேர்ப்பொடியும் ரெண்டு பாக்கெட் வையேன், பச்சக் கொழந்தைக்கே குடுக்கறோம்" என்றாள். மருந்துக்கடைப் பொட்டலத்தைப் பார்த்தாலே நீ தொடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கஞ்சிப் பொடியோடு கலந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. பட்டியலில் தேடத்தான் செய்தேன். பட்டியலில் வேதிப் பெயர்கள் இருந்தன, பொட்டலத்தின் பின்புறம் செடிகளின் பெயர்கள் இருந்தன. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியாததை ஒரு மருந்தாளுநரிடம் கேட்டிருக்கலாம். நம் தெருமுனையிலேயே கடை இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று அந்தக் கடையில் நின்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இதுவரை நடந்தது பிழை.

டிசம்பர் ஒன்றாம் தேதி கடிதம் வந்தது. அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேராகச் செடியின் பெயர் இருந்தது. பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பெயரே அதுதான். டப்பாவில் பாதிக்கு மேல் பொடி இருந்தது. அதை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தால் நீ மெல்போர்னில் ஆடியிருப்பாய். வெள்ளிக்கிழமைக் குப்பையில் டப்பாவோடு போட்டேன். அம்மா கழுவிக் கவிழ்த்ததாக எழுதியது பொய்.

எட்டு நாள் உனக்கு எழுதாமல் இருந்தேன். அந்த எட்டு நாளும் அலுவலகத்துக்குப் போனேன், முத்திரை குத்தினேன். சட்டச் சொல் எதையும் சரிபார்க்கவில்லை. "மசுமி படிச்சுப் பாத்துட்டாளா" என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்பது ஒன்றுதான் தலையில் ஓடியது. உன் இரண்டு வருடத்தை அதற்கு மேலாக நான் நினைக்கவில்லை. அதுதான் உண்மை.

தப்பு என்று பட்டால் அனுப்பாதே என்று எழுதியிருந்தாய். தப்பு என்று தெரிந்தே அவர் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி நேற்று சங்கத்துக்கு அனுப்பினேன். ஹிசாயோ அவர்களின் கம்பெனிக்கும் அவருக்கும் தனித்தனியாக எழுதினேன். அவரிடமிருந்து வந்த கடிதத்தையும் மேலாடையையும் உனக்கு அனுப்புகிறேன்.

பதில் எழுத வேண்டும் என்று கேட்கமாட்டேன்.

மசுமி


தொத்தோரி,
2005 ஜூன் 8

மசுமி அக்காவுக்கு,

மூன்று மாதத்தில் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

சங்கத்திலிருந்து பதில் வந்தது. குடும்பத்தாரின் வாக்குமூலம், கெடு முடிந்து எழுபத்தைந்து நாள் கழித்து, சோதித்துப் பார்க்கப் பொடி இல்லாமல். முதலில் ஒரு கதை, இப்போது இன்னொரு கதை. தீர்ப்பில் மாற்றமில்லை. ஹிசாயோ அக்காவின் கம்பெனி வருத்தம் தெரிவித்து எழுதியிருக்கிறது. அவர் இடத்தில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் இங்கே மன்னிப்புக் கேட்க வந்தேன். அவர் தோட்டத்தில் இருந்தார். நான் தரையில் நெற்றி வைத்ததை நின்று பார்த்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டார். அவருடைய அம்மாதான் ஒரு கட்டுக் காகிதப் பையை என் கையில் கொடுத்து, "சும்மா நிக்காத, பிஞ்சுக்கெல்லாம் உறை போடணும். ஆள் பத்தல" என்றார். அன்றிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டுறவு விடுதியில் தங்கியிருக்கிறேன். காலையில் வருகிறேன், இருட்டும்முன் போகிறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் காய். தலைக்கு மேலே கையைத் தூக்கியே வேலை. சர்வீஸ் போடும் தோள் இது. அம்மாவிடம் சொன்ன தோள் வலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது.

ஹிசாயோ அக்கா என்னோடு பேசுவதில்லை. "அந்தக் கிளை", "இந்த ஏணி", அவ்வளவுதான். போன வாரம் ஒரு பையைத் தப்பாகக் கட்டினேன். "ஏண்டி, இப்படிக் கட்டினா பூச்சி போகாதா?" என்றார். சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

உன்னைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதத் தெரியவில்லை. பொடியைக் கலந்தது பரவாயில்லை. சத்தியமாகப் பரவாயில்லை. டப்பாவைத் தூக்கிப் போட்டதைக் கூட என்றாவது பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். இரண்டு முறை எழுத்துப் பிழை பார்த்ததாக எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு வந்தால் மேலே போக முடியவில்லை.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நான் சொல்லமாட்டேன். நீ சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் தேதி ஞாயிறு, வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடுவேன். அம்மாவின் குரலைக் கேட்டாலே நீ சொன்னாயா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். சொல்லியிருக்கவில்லை என்றால் வைத்துவிடுவேன். பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடமாட்டேன்.

ஷிஹோ


யாய்ஸு,
2005 ஜூன் 20

ஷிஹோவுக்கு,

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். நாளைக்கே உன் கையில் கிடைக்க வேண்டும்.

நேற்று மணி அடித்தது. இருபத்திரண்டு முறை. யாரும் எடுக்கவில்லை என்பதால் நான் சொல்லவில்லை என்று நீ நினைத்திருப்பாய். சனிக்கிழமையே சொல்லிவிட்டேன்.

அம்மா கொட்டகையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலேயே கேட்டாள். நான் எதையும் விடவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை பேசினாள்.

"டப்பாவ வெள்ளிக்கெழமக் குப்பையிலயா போட்ட?"

"ஆமா."

"அன்னிக்குக் குப்பப் பைய நான்தானே எடுத்துட்டுப் போனேன்."

"ஆமா, அம்மா."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முடித்ததும், "அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார், நீயும் அங்கேதான் இருக்கிறாய் என்றேன். அதற்குப் பிறகுதான் குழாயை மூடினாள்.

நேற்று நீ கூப்பிடும் நேரத்துக்கு முன்னாலேயே போய்த் தொலைபேசிக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்தது. கையை நீட்டவில்லை. நான் எழுந்தேன். "எடுக்காத" என்றாள். மணி நின்ற பிறகு சொன்னாள்: "இப்ப அவ குரலக் கேட்டா நான் அவளோட அம்மாவாயிடுவேன். மொதல்ல இன்னொருத்தியோட அம்மா முன்னாடி போய் நிக்கணும்."

இன்று கொட்டகையில் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாள். புதன்கிழமை முதல் ரயிலில் கிளம்புகிறாள். நகோயாவுக்கு அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. எங்கே மாற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்கே போய், ஒவ்வொரு வரியாக அங்கிருந்தவரிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டு வந்தாள். நானும் வருகிறேன் என்றேன். "நீ ஆபீசுக்குப் போ" என்றாள்.

துக்க வீட்டுக்குக் கட்டும் கருப்பு உடையை எடுத்து மாட்டியிருக்கிறாள். ஒரு இனிப்புப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். மதியம் இரண்டு மணிவாக்கில் அங்கே வந்துவிடுவாள். வாசலில் நிற்பாள். உள்ளே வா என்று யாரும் சொல்லாவிட்டால் உட்காரமாட்டாள், திரும்பவும் மாட்டாள். அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் வருவதை உனக்குச் சொல்லக் கூடாது என்றாள். சொல்கிறேன்.

அந்தப் பக்கம் புதன்கிழமை முழுக்க மழை என்று செய்தியில் சொன்னார்கள். குடை கொண்டுபோகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவள் குடை பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்கிறாள். அவளுடைய முதுகு இன்னும் சரியாகவில்லை. ஹிசாயோ அவர்களின் அம்மாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். எனக்காக எதுவும் கேட்க வேண்டாம். ஏணியிலிருந்து பார்த்தால் வாசல் தெரியும் இடமாக இருந்தால், இரண்டு மணிக்கு மேல் ஒரு குடையோடு இறங்கிப் போய் அவள் பக்கத்தில் நில்.

மசுமி